கணவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது? உணரப்படும் சமூக ஆதரவைத் தமிழரிடையே அளக்க ஒரு வழிகாட்டி

சமூகப்பணி, உளவியல், செவிலியம் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் விரும்பி எடுக்கும் கருத்துகளில் ஒன்று ‘உணரப்படும் சமூக ஆதரவு’. ஆங்கில அளவுகோல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, ஒரு வாரத்தில் தமிழாக்கி, நூறு பேரிடம் நிரப்பி வாங்கி, சராசரியைக் கணக்கிட்டு, ‘ஆதரவு மிதமான அளவில் உள்ளது’ என்று எழுதி முடிப்பதே பரவலான வழக்கமாக இருக்கிறது. அந்தச் சராசரி யாருடைய ஆதரவைக் குறிக்கிறது, கேள்வியைக் கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே ஆளைத்தான் மனத்தில் வைத்திருந்தார்களா என்று வாய்மொழித் தேர்வில் யாரேனும் கேட்டால் பதில் சொல்வது கடினம். தமிழ் பேசும் மக்களிடையே, அவர்கள் தஞ்சாவூரில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும் நுவரெலியாவின் தோட்டங்களில் இருந்தாலும், இந்த அளவீட்டைப் பொருளுள்ளதாகச் செய்வது எப்படி என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

அளக்கப் போவது எது

கிடைத்த உதவி வேறு, கிடைக்கும் என்ற நம்பிக்கை வேறு. உளவியலாளர் மானுவல் பரேரா 1986-ல் எழுதிய கட்டுரையில் சமூக ஆதரவு என்ற பொதுப்பெயருக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் கலந்து கிடப்பதைப் பிரித்துக் காட்டினார். ஒருவருக்கு எத்தனை உறவுகள், தொடர்புகள் உள்ளன என்பது முதலாவது. அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பது இரண்டாவது. தேவைப்பட்டால் கைகொடுக்க ஆள் இருக்கிறது என்று அவர் உணர்கிறாரா என்பது மூன்றாவது. உணரப்படும் ஆதரவு என்பது இந்த மூன்றாவதை மட்டுமே குறிக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு தூரம் சேர்ந்து நகர்கின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் பார்த்தபோது, அவற்றுக்கிடையேயான ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சராசரியாக 0.35 அளவிலேயே இருந்தது. ஒன்றை அளந்துவிட்டு மற்றதைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

நம் வீடுகளில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. மாமியார் நாள் முழுவதும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், சமைக்கிறார், மருமகள் வேலைக்குப் போய் வருகிறாள். ஆனால் மனம் உடைந்த நாளில் இந்த வீட்டில் எனக்கென்று யாருமில்லை என்று அவள் உணரலாம். மாறாக, துபாயில் இருக்கும் தம்பி பல ஆண்டுகளாக ஊருக்கு வராவிட்டாலும், ஒரு தொலைபேசி அழைப்பில் அவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவான் என்று ஓர் அக்கா நம்பலாம். நமது அளவுகோல் அந்த அக்காவுக்கு அதிக மதிப்பெண்ணும் மருமகளுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தர வேண்டும். கேள்விகள் அப்படித் தராவிட்டால் நாம் வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறோம்.

எந்த அளவுகோல்

இத்துறையில் மிகப் பரவலாகப் பயன்படுவது, கிரெகரி ஜிமெட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988-ல் வெளியிட்ட பன்முக அளவுகோல். ஆய்வாளர்களிடையே எம்.எஸ்.பி.எஸ்.எஸ். என்றே வழங்கும் இதில் 12 கூற்றுகள் மட்டுமே உள்ளன. குடும்பம், நண்பர்கள், ‘சிறப்பான ஒருவர்’ என்ற மூன்று பிரிவுகளுக்கும் தலா நான்கு. ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நீளம் குறைவு, கட்டணம் இல்லை, கணக்கிடுவது எளிது என்பதால் துருக்கி, தாய், உருது, லுகாண்டா, சிச்செவா எனப் பல மொழிகளுக்கு இது போய்ச் சேர்ந்திருக்கிறது. 2018-ல் வெளிவந்த ஒரு மறுஆய்வு 22 மொழிகளிலான ஆக்கங்களைச் சேர்த்துப் பரிசீலித்தது.

இது பிறந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்த 275 இளநிலை மாணவர்களிடம்தான் இது முதலில் சோதிக்கப்பட்டது. பதின்வயதைக் கடந்து, வீட்டை விட்டு விடுதிக்கு வந்து, நண்பர்களோடு வாழ்ந்து, காதலனோ காதலியோ இருக்கக்கூடிய ஒரு இளைஞருக்குக் குடும்பம், நண்பர்கள், சிறப்பான ஒருவர் என்பவை மூன்று தனித்தனி வட்டங்கள். அறுபது வயதுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அவை மூன்றா, இரண்டா, ஒன்றேயா என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்.

பணம், உடலுழைப்பு, மருத்துவமனைக்கு உடன் வருதல் போன்ற கைமேல் உதவியே உங்கள் ஆய்வின் மையம் என்றால் எம்.எஸ்.பி.எஸ்.எஸ். அதற்குப் பொருத்தமானதன்று. 1991-ல் ஷெர்போர்ன், ஸ்டூவர்ட் இருவரும் நாள்பட்ட நோயாளிகளுக்கென அமைத்த 19 கூற்று அளவுகோலில் அதற்கென ஒரு பிரிவே உண்டு. பெரிய கணக்கெடுப்பில் ஓரமாக நுழைக்க இடம் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு, மூன்றே கேள்விகளும் 3 முதல் 14 வரையான மதிப்பெண்ணும் கொண்ட ஆஸ்லோ அளவுகோல் இருக்கிறது. இனி இங்கே பேசப்படுவது எம்.எஸ்.பி.எஸ்.எஸ். பற்றியே, ஆயினும் சிக்கல்கள் எல்லா அளவுகோல்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தமிழாக்கத்தை நீங்களே தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே செய்யப்பட்டது ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அது யாரிடம் சோதிக்கப்பட்டது என்று பாருங்கள். கோயம்புத்தூர்க் கல்லூரி மாணவர்களிடம் சோதித்த தமிழாக்கம் முல்லைத்தீவின் மீனவப் பெண்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது.

மூன்று சொற்களும் மூன்று சிக்கல்களும்

தமிழாக்கத்தில் ஆகும் உழைப்பில் பாதியை இந்த மூன்று சொற்களுக்கே ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மற்ற வாக்கியங்களைத் திருத்தித் திருத்திச் சரிசெய்துவிட முடியும். இவை பிசகினால் எல்லா எண்களும் பிசகும்.

‘குடும்பம்’ என்ற சொல்லைப் பாருங்கள். திருமணமான ஒரு தமிழ்ப் பெண்ணிடம் ‘என் குடும்பத்தினர் எனக்கு உதவ உண்மையாகவே முயல்கிறார்கள்’ என்ற பொருளில் ஒரு கூற்றைப் படித்துக் காட்டினால், அவள் மனத்தில் எழும் முதல் கேள்வி ‘எந்தக் குடும்பம்?’ என்பதாகத்தான் இருக்கும். பிறந்த வீடா, புகுந்த வீடா? சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். பெரும்பாலோர் கேட்காமலே ஒன்றைத் தேர்ந்துகொண்டு பதில் சொல்வார்கள். பிறந்த வீட்டுக்கு 7-உம் புகுந்த வீட்டுக்கு 2-உம் தரக்கூடிய ஒருத்தி, இரண்டையும் மனத்தில் சேர்த்து 5 என்று சொன்னால், அந்த 5 அவளது வாழ்க்கையில் எங்குமே இல்லாத ஓர் எண். திருமணமான பெண்களிடம் ஆய்வு செய்வோர் குடும்பக் கூற்றுகள் நான்கையும் இரண்டு முறை, இரண்டு வீடுகளுக்கும் தனித்தனியாகக் கேட்பதே நேர்மையான வழி. கேள்விகள் 12-இலிருந்து 16 ஆகும், அவ்வளவுதான். மூல அளவுகோலோடு ஒப்பிட வேண்டியிருந்தால் எதை எடுத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுங்கள், எண்களைப் பார்த்த பிறகு வேண்டாம்.

அடுத்தது கணவர். அவர் குடும்பமா, சிறப்பான ஒருவரா? மூல அளவுகோல் இதைப் பதில் சொல்பவரின் போக்குக்கே விட்டுவிடுகிறது. துருக்கி மொழியில் எக்கெர், அர்கார், யால்தஸ் ஆகியோர் 2001-ல் திருத்திய வடிவம் இதற்கு ஒரு தெளிவான முடிவு எடுத்தது. குடும்பக் கூற்றுகளில் தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தார்கள். மூன்றாவது பிரிவை ‘குடும்பத்தினரும் நண்பர்களும் அல்லாத ஒருவர்’ என்று மாற்றி, நிச்சயிக்கப்பட்டவர், உறவினர், அண்டைவீட்டார், மருத்துவர் போன்றோரை எடுத்துக்காட்டாகக் கொடுத்தார்கள். தெளிவு கிடைத்தது. ஆனால் அதற்கொரு விலையும் உண்டு: அமெரிக்க மாதிரியில் ஒரு மனைவி தன் கணவனுக்குத் தரக்கூடிய மதிப்பெண் மூன்றாவது பிரிவில் விழக்கூடிய இடத்தில், துருக்கியில் அது முதல் பிரிவில் விழுகிறது. இரு நாடுகளின் பிரிவு மதிப்பெண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது ஆதரவா, கணவர் உட்கார்ந்திருக்கும் இடமா என்று சொல்ல முடியாது.

தமிழில் நாம் துருக்கியரைப் பின்பற்றலாம், பின்பற்றாமலும் இருக்கலாம். எதைச் செய்தாலும் அதைக் கேள்வித்தாளிலேயே எழுத வேண்டும். பதில் சொல்பவர் மனத்தில் வைத்திருந்தவர் யார் என்பதை ‘யாரை நினைத்துச் சொன்னீர்கள்? பெயர் வேண்டாம், உறவு மட்டும் போதும்’ என்ற ஒற்றைக் கேள்வியால் மூன்றாவது பிரிவின் முடிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு எல்லாருக்கும் நான் பரிந்துரைப்பேன். கணவர், அம்மா, அக்கா, சிநேகிதி, பக்கத்து வீட்டு அம்மா, சுய உதவிக் குழுத் தலைவி, பங்குத்தந்தை என்று வரும் அந்தப் பட்டியல் சில வேளைகளில் மதிப்பெண்களை விடப் பயனுள்ளதாக இருக்கும்.

‘சிறப்பான ஒருவர்’ என்ற தொடரே தமிழில் சங்கடமானது. ‘சிறப்பு நபர்’ என்றால் விழாவின் சிறப்பு விருந்தினர் போல ஒலிக்கிறது. ‘நெருக்கமான ஒருவர்’ என்றால் திருமணமாகாத பெண்ணின் காதில் அது ‘காதலன் இருக்கிறானா?’ என்று விழுகிறது. பக்கத்தில் அம்மா இருந்தால் அவள் 1 என்றுதான் சொல்வாள். ‘மனத்துக்கு மிகவும் வேண்டிய ஒருவர்’ என்பது ஓரளவு பாதுகாப்பான வடிவம், இருந்தாலும் உங்கள் மக்களிடம் சோதித்துப் பார்த்த பின்னரே அதை ஏற்க வேண்டும். இன்னொன்றும் நேரும். தனியாக வாழும் முதியவர்கள் சிலர் ‘எனக்கு முருகன் இருக்கான்’, ‘மாதா கைவிடமாட்டா’ என்பார்கள். மறைந்த கணவரைச் சொல்பவரும் உண்டு. அது அவர்களுக்கு உண்மையான ஆறுதல், அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. எனினும் அளவுகோல் மனிதரைப் பற்றியது என்பதால், ‘இப்போது பேசக்கூடிய மனிதர் ஒருவரை நினைத்துச் சொல்லுங்கள்’ என்று பணிவாகக் கேட்டுவிட்டு, முதலில் சொன்ன பதிலை ஓரத்தில் எழுதி வைப்பதே சரி.

‘நண்பர்கள்’ என்ற சொல் எளிதாகத் தோன்றும். நகரத்து இளைஞரிடம் எளிதுதான். அவர் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றே சொல்வார். கிராமத்து நடுவயதுப் பெண்ணிடம் கேட்டால் ‘கல்யாணத்துக்கு அப்புறம் ஏது நண்பர்?’ என்று சிரிப்பாள். ஆனால் அவளுக்கு நடவு வேலையில் கூடவரும் பெண்கள், தண்ணீர்க் குழாயடியில் பேசும் பெண்கள், குழுக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்பவள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் மதினியாகவோ சித்தியாகவோ இருப்பார்கள் என்பதால் அவள் கணக்கில் அவர்கள் சொந்தம், நட்பு அன்று. மலையகத் தோட்டத்தில் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பக்கத்து வீட்டுக்காரியும் கொழுந்து பறிக்கும் கூட்டத்தினரும் இதே நிலையில் வருவார்கள். மலேசியாவிலும் இலங்கையிலும் ‘கூட்டாளி’ என்ற சொல் இயல்பாக இருக்கும் இடத்தில் ‘நண்பர்’ என்பது பாடப்புத்தகமாக ஒலிக்கும். ஆகவே இந்தப் பிரிவுக்கு ஒரு முன்னுரை வாக்கியம் தேவை: ‘உங்கள் வீட்டார் அல்லாமல், பழகும் ஆட்கள், கூட வேலை செய்பவர்கள், அக்கம்பக்கத்தார் என எல்லாரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.’ அந்த முன்னுரையைச் சேர்த்ததையும் மூலத்திலிருந்து விலகிய ஒரு மாற்றமாகவே பதிவுசெய்ய வேண்டும்.

தமிழாக்கும் முறை

இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவது, ஒப்பிட்டு ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத இருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவது, நிபுணர் குழு கூடி முடிவெடுப்பது, பிறகு 30 முதல் 40 பேரிடம் சோதிப்பது என்ற வரிசை 2000-ல் பீட்டனும் பிறரும் வகுத்துத் தந்த நெறியில் உள்ளது; மீண்டும் ஆங்கிலமாக்கும் அந்தப் பின்மொழிபெயர்ப்பை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-லேயே வலியுறுத்தியிருந்தார். இந்த வரிசையைக் கடைப்பிடியுங்கள். அதே சமயம், பின்மொழிபெயர்ப்பு நன்றாக வந்துவிட்டது என்பதால் தமிழ் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்தான் மிக அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும். ‘உணர்வுபூர்வமான உதவி’ என்று எழுதினால் அது பிழையின்றி மூல ஆங்கிலச் சொல்லாகவே திரும்பும். பதில் சொல்லும் பாட்டிக்கு அது என்னவென்றே தெரியாது. அவள் சொல் ‘மன ஆறுதல்’ அல்லது ‘மனசுக்குத் தெம்பு’.

‘ஆதரவு’ என்ற சொல்லையே கூற்றுகளில் குறைத்துக்கொள்வது நல்லது. தேர்தல் காலத்து ஆதரவும், ‘ஆதரவற்றோர் இல்லம்’ என்ற பலகையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘துணை’, ‘கைகொடுத்தல்’, ‘உடன் நிற்றல்’ ஆகியவை கூடுதல் இயல்பானவை. ஆய்வேட்டின் தலைப்பில் ஆதரவு இருக்கட்டும், அங்கே தீங்கில்லை.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பது நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு சிக்கல். பதில் சொல்பவர் தாமே படித்து நிரப்பினால் எழுத்து நடை போதும். நேர்காணலில் கேள்வி கேட்பவர் படித்துக் காட்டுவதானால், ‘எனக்குத் தேவை ஏற்படும்போது உடனிருக்கும் ஒருவர் உள்ளார்’ என்பதை எந்த மனிதரும் அப்படியே படிக்கமாட்டார். ஒருவர் ‘எனக்கு ஒண்ணுன்னா வந்து நிப்பாங்க’ என்பார். யாழ்ப்பாணத்தில் ‘எனக்கு ஒண்டெண்டால் வந்து நிப்பினம்’ என்று வரும். இன்னொருவர் அவசரத்தில் ‘உங்களுக்கு ஹெல்ப் பண்ண ஆள் இருக்கா?’ என்று சுருக்குவார். மூவரும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டார்கள். ஆகவே பேச்சு வடிவத்தையும் வட்டாரத்துக்கு ஏற்ப முன்கூட்டியே எழுதி, அதையே சொல்லுக்குச் சொல் படிக்குமாறு பயிற்சி தர வேண்டும்.

சோதனைக் கட்டத்தில் 30 பேரிடமும் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். ‘இதை உங்கள் பேச்சில் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்’, ‘இதற்கு ஏன் ஐந்து கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். அப்போதுதான் முடிவெடுப்பது பற்றிய கூற்றில் உள்ள கண்ணி தெரியவரும். ‘முடிவெடுக்க என் குடும்பம் எனக்கு உதவத் தயாராக இருக்கிறது’ என்ற பொருளுடைய அந்தக் கூற்றுக்கு ஒரு பெண் 7 கொடுத்துவிட்டு, காரணமாக ‘எல்லா முடிவும் அவங்களே எடுத்துருவாங்க, எனக்கு ஒரு கவலையும் இல்ல’ என்று சொல்லக்கூடும். அவளுக்கு அது நிம்மதியாகவும் இருக்கலாம், கைவிலங்காகவும் இருக்கலாம். எண் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ‘நான் ஒரு முடிவெடுக்க நினைத்தால், அதற்குத் துணைநிற்பார்கள்’ என்று முடிவை அவள் பக்கம் நகர்த்தி எழுதுவது ஒரு தீர்வு.

மனம்விட்டுப் பேசுவது பற்றிய கூற்றுகளிலும் சற்று நிற்க வேண்டும். ஷெல்லி டெய்லர், ஹீஜுங் கிம் முதலியோர் 2004-லும் 2007-லும் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசியப் பின்னணி உடையவர்கள் தம் சிக்கலை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்கத் தயங்குவதையும், சொல்லாமலே உடனிருப்பவர்களை எண்ணுவதில் அவர்கள் ஆறுதல் பெறுவதையும் கண்டார்கள். உறவு கெட்டுவிடக்கூடாது என்ற கவலை அதற்கொரு காரணம். அந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் கிழக்காசியப் பின்னணியினர் என்பதால் நமக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம். ஆனாலும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஒன்றும் கேட்காமல் சோற்றைப் பிசைந்து ஊட்டும் அம்மாவை உடைய ஒருவர், ‘என் சிக்கல்களைக் குடும்பத்தாரிடம் பேச முடியும்’ என்பதற்கு 2 கொடுக்கலாம் என்ற எச்சரிக்கை நமக்கும் தேவை.

ஏழு படிகளும் ஒரு தலையாட்டலும்

‘மிக மிக உறுதியாக மறுக்கிறேன்’ முதல் ‘மிக மிக உறுதியாக ஏற்கிறேன்’ வரையான ஏழு படிகளைத் தமிழில் படித்துக் காட்டினால் மூன்றாவது கூற்றுக்குள் பதில் சொல்பவர் களைத்துவிடுவார். இரண்டு கட்டமாகக் கேட்பது எளிது. முதலில் ‘இது உங்களுக்குச் சரியா, சரியில்லையா, இரண்டும் சொல்ல முடியவில்லையா?’ என்று கேட்க வேண்டும். சரி என்றால் ‘கொஞ்சமா, நல்லாவா, முழுக்க முழுக்கவா?’ என்று அடுத்துக் கேட்க வேண்டும். ஏழு படிகளும் அதிலேயே கிடைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிரம்பும் ஏழு குவளைகளின் படத்தை அட்டையில் வரைந்து காட்டுவதும் உதவும். தொடங்குவதற்கு முன் ‘எனக்குத் தினமும் இட்லி வேண்டும்’ என்பதுபோல இரண்டு விளையாட்டுக் கூற்றுகளில் பழக்கிவிடுங்கள். சிரிப்பும் வரும், படிகளும் பிடிபடும். சிலர் படிகளை ஐந்தாகவோ மூன்றாகவோ குறைத்துவிடுகிறார்கள். செய்யலாம், அதன் பிறகு ஏழு படிகளுக்கான குறைவு, மிதம், அதிகம் என்ற எல்லை எண்களைப் பயன்படுத்தக்கூடாது.

பன்னிரண்டு கூற்றுகளும் நேர்மறையானவை. வீட்டுக்கு வந்திருக்கும் படித்த பிள்ளை கேட்கும் எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’ என்று தலையாட்டுவது நம் மரியாதை. அப்படித் தலையாட்டியவரையும் உண்மையாகவே நிறைந்த துணை உள்ளவரையும் இந்த அளவுகோலால் பிரிக்க முடியாது. எதிர்மறைக் கூற்றுகளைச் சேர்த்தால் தமிழில் ‘இல்லை என்பதை மறுக்கிறேன்’ என்ற குழப்பம் உண்டாகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தனிமையை அளக்கும் வேறொரு சிறிய கேள்வித்தொகுதியை உடன் கேட்டு, இரண்டிலும் உச்ச மதிப்பெண் தருபவர்களைத் தனியே பார்ப்பது மேல்.

எங்கே, எப்போது, யார் முன்னிலையில்

மாமியார் திண்ணையில் இருக்கும்போது மருமகளிடம் குடும்ப ஆதரவு பற்றிக் கேட்பதால் பயனில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது நாம் எல்லாரும் வளர்ந்த விதம். ரேஷன் கடை வரிசையிலும் தனிமை கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறையோ, குழுக் கூட்டம் முடிந்த பிறகான மர நிழலோ பொருத்தமானது. கணவர் உடனிருந்தே தீர்வேன் என்றால் அந்த நேர்காணலை நடத்திவிட்டு, ‘தனிமை இல்லை’ என்று குறித்து, பகுப்பாய்வில் அவற்றைத் தனியே பார்க்க வேண்டும்.

காலமும் மதிப்பெண்ணை மாற்றும். கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்வோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் வழக்கம் உள்ள குடும்பங்களில், ஆறாம் மாதத்தில் புகுந்த வீட்டிலிருந்து பதில் சொன்ன அதே பெண், எட்டாம் மாதத்தில் அம்மாவின் பக்கத்திலிருந்து சொல்லும்போது வேறு மதிப்பெண் தருவாள். அந்த ஏற்றத்தை உங்கள் ஆலோசனைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. கணவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் மாதம், மீன்பிடித் தடைக்காலம், அறுவடை, திருவிழா என ஒவ்வொன்றும் இப்படியே. நேர்காணல் நாளையும் அவர் இப்போது தங்கியிருக்கும் வீட்டையும் குறிப்பது ஒரு நிமிட வேலைதான்.

எண்களைக் கணக்கிடுதல்

மூல வரிசையில் 1, 2, 5, 10 ஆகிய கூற்றுகள் சிறப்பான ஒருவருக்கும், 3, 4, 8, 11 குடும்பத்துக்கும், 6, 7, 9, 12 நண்பர்களுக்கும் உரியவை. ஒவ்வொரு பிரிவையும் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். ஒருவர் குடும்பத்துக்கு 7, 6, 7, 6, நண்பர்களுக்கு 2, 1, 3, 2, சிறப்பான ஒருவருக்கு 6, 6, 5, 5 கொடுத்திருந்தால், பிரிவுச் சராசரிகள் 6.5, 2.0, 5.5. மொத்தச் சராசரி 4.67. சராசரி 1 முதல் 2.9 வரை குறைவு, 3 முதல் 5 வரை மிதம், 5.1 முதல் 7 வரை அதிகம் என்ற பழகிய எல்லைப்படி இவர் ‘மிதம்’. ஆனால் குடும்பம் கைவிட்டால் விழுந்துவிடக்கூடிய ஒருவரின் படம் அந்த ஒற்றைச் சொல்லில் மறைந்துபோகிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் வெளியிடுவதை அதனால்தான் நான் விரும்புவதில்லை.

அந்த எல்லைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். டியூக் மாணவர்களின் மொத்தச் சராசரியே 5.80. அதாவது அளவுகோல் பிறந்த மாதிரியே பெரும்பாலும் ‘அதிகம்’ என்ற கட்டத்தில் இருந்தது. நோயோடு தொடர்புபடுத்தித் தமிழரிடையே நிறுவப்பட்ட எல்லை கையில் இல்லாதபோது, மதிப்பெண்ணைக் குறைவு, மிதம், அதிகம் என்று வெட்டாமல், உள்ள எண்ணாகவே பகுப்பாய்வு செய்வது பாதுகாப்பு.

நம்பகத்தன்மைக்குக் கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போதும் என்று நின்றுவிடாதீர்கள். மூலத்தில் மொத்தத்துக்கு அது 0.88. உங்கள் தமிழாக்கத்தில் 0.96 வந்தால் மகிழ்வதற்கு முன், நான்கு கூற்றுகளும் தமிழில் ஒரே வாக்கியமாகிவிட்டனவா என்றும், எல்லாரும் தலையாட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள். மூன்று பிரிவுகள் உண்மையிலேயே மூன்றாக நிற்கின்றனவா என்பதை, எந்தக் கூற்றுகள் சேர்ந்து ஒரே காரணியாக (ஒரே மறைபொருளாக) நகர்கின்றன என்று பார்க்கும் ‘உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு’ சொல்லும். 12 கூற்றுகளும் மூன்று காரணிகளும் உள்ள கணித அமைப்பில் 27 அளவுருக்கள் (தரவிலிருந்து கணிக்க வேண்டிய எண்கள்) மதிப்பிடப்படுகின்றன. ஒன்றுக்குப் பத்துப் பேர் என்ற நடைமுறை விதிப்படி 270 பேராவது வேண்டும். புள்ளியியல் கணக்குக்கான ஆர் நிரல்மொழியின் லாவான் தொகுப்பும் ஜாஸ்ப் மென்பொருளும் இலவசம். குடும்பமும் சிறப்பான ஒருவரும் ஒட்டிக்கொண்டு இரண்டு காரணிகளாக வந்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். மணமானவர்கள் நிறைந்த மாதிரியில் கணவரோ அம்மாவோ இரண்டு இடத்திலும் இருந்தார்கள் என்பதே அதன் பொருளாக இருக்கலாம், உறவைக் குறித்து வைத்த அந்த ஒற்றைக் கேள்வி இப்போது கைகொடுக்கும்.

இரு மக்களை ஒப்பிடுவது

நெல் அளக்கும் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறிய காலம் ஒன்று இருந்தது. இங்கே பத்து மரக்கால், அங்கே பன்னிரண்டு என்பதால் அங்கே நெல் அதிகம் என்று எந்த வியாபாரியும் சொன்னதில்லை. முதலில் மரக்காலைத்தான் பார்த்தான். தமிழ்நாட்டுப் பெண்களின் சராசரி 5.4, வடக்கு இலங்கையின் பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர் சராசரி 4.6 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு ஆதரவில் உள்ளதா, மரக்காலில் உள்ளதா என்று பார்க்கும் வேலைக்கு அளவீட்டு மாறாத்தன்மைச் சோதனை என்று பெயர்.

அது மூன்று படிகளில் நடக்கும். இரு மக்களிடமும் அதே மூன்று காரணிகள் அதே கூற்றுகளோடு கிடைக்கின்றனவா என்பது முதற்படி. ஒவ்வொரு கூற்றும் தன் காரணியோடு இரு இடங்களிலும் ஒரே வலுவில் இணைந்திருக்கிறதா என்பது இரண்டாம் படி. ஒரே அளவு ஆதரவை உணரும் இருவர், எந்த மக்களைச் சேர்ந்தவராயினும், ஒரு கூற்றுக்கு ஒரே எண்ணைத்தான் தருவார்களா என்பது மூன்றாம் படி. இந்த மூன்றாவதும் தேறினால் மட்டுமே சராசரிகளை ஒப்பிடலாம். ஒவ்வொரு படியிலும் சி.எஃப்.ஐ. என்ற பொருத்தக் குறியீடு முந்தைய படியைவிட 0.01-க்கு மேல் வீழ்ந்தால் அந்தப் படி தேறவில்லை என்று கொள்வது, சூங், ரென்ஸ்வோல்ட் இருவரும் 2002-ல் முன்வைத்த பரவலான விதி. ஓரிரு கூற்றுகள் மட்டுமே இடறினால் அவற்றை மட்டும் இரு மக்களிடமும் வேறுபட விட்டு, பகுதி மாறாத்தன்மையோடு தொடர வழியுண்டு. இரண்டாம் படி வரைதான் தேறியது என்றால், சராசரிகளை விட்டுவிட்டு, ஆதரவுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு இரு இடங்களிலும் எப்படி இருக்கிறது என்பதை ஒப்பிடுங்கள். அது நியாயமானது, பெரும்பாலும் சுவையானதும் கூட.

இதே சோதனையை நாடுகளுக்கிடையே மட்டும் செய்தால் போதாது. ஆண் பெண், நகரம் கிராமம், தாமே நிரப்பியவர் நேர்காணலில் சொன்னவர் ஆகிய பிரிவுகளுக்கும் செய்ய வேண்டும். கடைசிப் பிரிவைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

‘யாருமே இல்லை’ என்பவரிடம்

பன்னிரண்டு கூற்றுகளுக்கும் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வந்து, முடிவில் அழத் தொடங்கும் ஒருவரை இந்த வேலையில் ஒரு நாள் சந்திப்பீர்கள். ‘உங்களுக்கு யாருமில்லை’ என்பதை நாம் பன்னிரண்டு முறை அவருக்கே சொல்லவைத்திருக்கிறோம். படிவத்தை மூடிவிட்டு உட்கார்ந்து கேட்பதற்கான நேரத்தை அன்றைய இலக்கிலேயே ஒதுக்கி வையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926 ஆகியவற்றை அச்சிட்ட சிறு சீட்டைக் கேள்வி கேட்பவர் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். அதை அழுபவருக்கு மட்டும் தனியே கொடுத்தால் பக்கத்து வீட்டார் கவனிப்பார்கள். பங்கேற்ற எல்லாருக்கும் நன்றிச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எழுத்து வடிவம், பேச்சு வடிவம், படி அட்டை, முன்னுரை வாக்கியங்கள், கணவரை எங்கே சேர்த்தீர்கள் என்ற முடிவு ஆகிய எல்லாவற்றையும் முழுதாக அச்சிடுங்கள். ஐந்தாண்டு கழித்து மட்டக்களப்பிலோ மதுரையிலோ வேறொரு மாணவர் உங்கள் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட வரும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.